பரோட்டா மாஸ்டரின் தோள் துண்டு: உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் நோக்கில் ஒரு முன்னாய்வு

பரோட்டா மாஸ்டரின் தோள் துண்டு குறித்து இதுவரை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே முன்னோர் அனைவரையும் முதல் பத்தியில் மறுத்துவிட்டு, அடுத்த பத்தியில் அவர்கள் சொன்னதையே நாமும் சொல்லும் நல்வாய்ப்பு இக்கட்டுரைக்குக் கிட்டவில்லை. ஆய்வுக்களம், நெல்லைப் பக்கம் ஒரு சாலையோரக் கடை. காலம், மாலை ஆறு மணிக்கு மேல். அதற்கு முன் கல் சூடாவதில்லை.

மூல நூல்களை முதலில் காண்போம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் தோன்றியது. அதன் வழிநூலாகிய உரிமம், பதிவு விதிகள் 2011 ஆகஸ்டு 5 முதல் நடப்புக்கு வந்தன. அவ்விதிகளின் நான்காம் அட்டவணையே சமையற்கட்டின் இலக்கணம். 2017-இல் ஃபோஸ்டாக் என்னும் பயிற்சித் திட்டம் பிறந்தது. இதைச் சுங்கச்சாவடிச் சமாசாரம் என்று எண்ணி, "நம்மகிட்ட வண்டியே கெடையாதே சார்" என்று மாஸ்டர் கூறியது பாடபேதமாகக் கொள்ளத்தக்கது.

உணவைக் கையாளும் 25 பேருக்குக் குறைந்தது ஒருவர் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்கவேண்டும் என்பது சூத்திரம். கடையில் இருப்பதோ ஆறு பேர். கால் ஆள் படித்தால் போதும் என்பது முதலாளி உரை. எங்கோ கிடக்கும் சொற்களை இழுத்துக் கூட்டிப் பொருள் காண்பதில் பேர்பெற்ற நச்சினார்க்கினியர்கூட இத்தனை தூரம் இழுத்ததில்லை. அந்தக் கால் ஆளாக மாஸ்டர் அனுப்பப்பட்டார்.

மருத்துவத் தகுதிச் சான்று: ஆண்டுக்கு ஒருமுறை, தடுப்பூசியும் உண்டு, ஊசி என்றதும் ஊருக்குப் போன சப்ளையர் இன்னும் திரும்பவில்லை.

தலைவலை: அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டதும் தலையில் முளைத்து, சத்தம் தேய்ந்ததும் உதிர்வது.

கையுறை: கல்லின் முன் நின்றவர் எழுதிய விதி அன்று. மேலே செல்க.

இனி துண்டு. ஒரு பரோட்டா வெந்து முடிவதற்குள் அது ஆற்றும் தொழில்களைக் காண்க. மாவை வீசிய கையைத் துடைக்கிறது. நெற்றி வியர்வையை ஒற்றுகிறது. சால்னா வாளியின் சுடுகிற பிடியைப் பற்றுகிறது. தட்டின் விளிம்பில் வழிந்த முட்டையை வழிக்கிறது. ஈ விரட்டுகிறது. சீட்டுப் பணம் கேட்டு வருபவர் தெருமுனையில் தென்பட்டால் முகத்தையும் மறைக்கிறது. இவ்வளவும் ஒரே முனையால். மறுமுனை எதற்கு என்பது தனி ஆய்வுக்குரியது.

துண்டின் இருப்பிடம் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. வலக்கையால் கொத்துவோர் இடத்தோளில் இடுவர் (மாஸ்டர் வாய்மொழி). கழுத்தைச் சுற்றி இரு முனையும் முன்னே தொங்குவது பிற்கால இடைச்செருகல் (டீ மாஸ்டர் வாய்மொழி, பாய்லர் அருகே, கேட்டவர் ஒருவர்). இடைச்செருகல் அன்று, அதுவே மூலம் (கிளீனர் வாய்மொழி, கொத்து பரோட்டா அடிபடுகையில், கேட்டவர் மூவர், இருவருக்குக் காது அடைத்திருந்தது, மூன்றாமவர் பார்சலுக்கு வந்தவர், பார்சல் கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டதால் கூற்று பாதியில் நிற்கிறது, மீதியைத் தாம் அறிவதாகச் சொல்பவர் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர், அவர் மாஸ்டரின் மச்சான், பேச்சுவார்த்தை இல்லாதவர் வேறு). இதில் பாதிச் சாட்சியை வைத்துக்கொண்டு மன்னர்களின் ஆட்சியாண்டையே நிர்ணயித்தவர்கள் நம்மிடையே உண்டு. துண்டின் தோளை நிர்ணயிக்க இது தாராளம்.

கடைசியாகத் துவைத்த காலத்தை அடுக்குமுறையில் கணிக்கலாம். மேலடுக்கில் சால்னா, அதன் கீழ் முட்டை, அடியில், போன தீபாவளிக்கு எடுத்த சட்டையின் சாயம். அதற்கும் கீழே தோண்ட மாஸ்டர் அனுமதிக்கவில்லை.

வகுப்பில் இந்தத் துண்டுக்குத்தான் முதல் அடி விழுந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றொரு பாக்டீரியா மனித மூக்கிலும் தோலிலும் குடியிருக்கிறது. கையும் துணியும் வழியாக உணவில் ஏறிப் பெருகிவிட்டால், அது கக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. இதைக் கேட்டதும் மாஸ்டர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இது விளையாட்டில்லை, கட்டுரையாளனும் இவ்விடத்தில் சிரிக்கவில்லை.

தேர்வில் ஒரு வினா: உணவை எந்த வெப்பநிலையில் விட்டுவைக்கக் கூடாது? 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை என்பது விடை. மாஸ்டர் வாய்விட்டுச் சொன்னது: "தொட்டா கை பொத்துப்போவணும், இல்ல வெறச்சுப்போவணும் சார். நடுவுல கெடந்தா அது நாய்க்கு." இதைவிடத் தெளிவான உரையை யாம் கண்டதில்லை. ஆனால் நான்கில் ஒன்றைக் குறிக்கும் தாளில் உரைக்கு இடமில்லை.

எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. விழுக்காடு மாஸ்டருக்குத் தெரியாது; நுரையையும் புகையையும் பார்த்தே, "போச்சு, கொட்டணும்" என்பார். கொட்டச் சொல்லும் அதிகாரம் கல்லாவில் இருப்பவருக்கு. அவருக்கோ சான்றிதழ் தேவையில்லை. தெரிந்தவனுக்குப் பயிற்சி, தீர்மானிப்பவனுக்கு விலக்கு என்னும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர் பல்கலைக்கழகம் எதிலேனும் இருந்து வந்திருப்பார் என்று ஊகிக்க இடமுண்டு.

சான்றிதழ் வந்தது. முதலாளி அதைச் சட்டம்போட்டுக் கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்கும் 14 இலக்கப் பதிவெண்ணுக்கும் நடுவே மாட்டினார். பயிற்றுநரும் அன்று வந்திருந்தார். சாப்பிடுமுன் விதிப்படி சோப்பு போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, 20 நொடி கைகழுவினார். ஈரக் கையை உயர்த்திப் பிடித்தபடி காகிதத் துண்டு தேடினார். இல்லை. மாஸ்டர் முன்வந்து மரியாதையாகத் தம் தோளைச் சாய்த்துக் காட்டினார். பயிற்றுநர் துண்டைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், கல்லில் பொன்னிறமாகச் சிவந்துகொண்டிருந்த பரோட்டாவைப் பார்த்தார். அதன்பின் அவர்...

(இதற்கு மேல் ஏடு செல்லரித்துள்ளது.)