முருகனுக்கு ஆறு வீடு, கம்பெனிக்கு நூறு கடை

இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப்போயி கீது? இன்னிக்கு முகூர்த்த நாளு. மலையிலருந்து ஒரு கல்யாணக் கூட்டம் எறங்கறதுக்குள்ள இன்னொண்ணு ஏறுது. நீ இன்னாடான்னா ஸ்டுடியோவுல செல்போன தடவிக்கினு குந்திக்கினு கீற. கேமராக் கம்பெனி லைக்காக்காரன் தானே கடை தொறக்குறான், கேனான்காரன் அவன் பேர்லயே கடை போடுறான், நம்மள மாதிரி ஆளுங்க கதை முடிஞ்சிதுன்னு காலையிலருந்து தெருவுல பாக்குறவங்ககிட்ட எல்லாம் பொலம்புறியாமே. என்கிட்ட வந்து பொலம்பு. இந்தக் கட்டடம் என்னுது. உன் கடை மூடிட்டா மொதல்ல நஷ்டம் எனக்குத்தான்.

சொந்தக் கடை போடுறது இன்னா பெரிய புது யோசனையா? மலை மேல கீறாரே நம்மவரு, அவரு எப்பவோ போட்டாச்சு. ஆறு பிராஞ்சு. திருப்பரங்குன்றம், செந்தூர், பழனி, சுவாமிமலை, அஞ்சாவதா நம்ம தணிகை, அப்பால பழமுதிர்சோலை. நடுவுல டீலரு கெடையாது. சனங்க 365 படி ஏறி நேரா மொதலாளியையே பாத்துட்டு வருதுங்க. ஆனா ஒண்ணு பாரு, எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்ல பூக்காரி கீறா, காவடி வாடகைக்கு விடுறவன் கீறான், தேங்கா பழத் தட்டுக்காரன் கீறான், மொட்டை போட்ட கொழந்தை வீல்னு அழுவுறத போட்டோ புடிக்க உன்ன மாதிரி ஒருத்தன் கீறான். அந்த வாசக்கடையில சாமி கை வெக்கல. கம்பெனிக்காரனுக்கு அந்த மனசு வராது. மலையும் அவனுக்கு வேணும், அடிவாரமும் அவனுக்கே வேணும்.

நீ சொல்ற அந்த லைக்கா கதை எனக்கும் தெரியும். சலூன்ல பேப்பர் படிக்கிற ஆளு நானு. ஜெர்மனியில வெட்ஸ்லார்னு ஒரு ஊரு, அங்க மைக்ராஸ்கோப் செய்யிற கம்பெனி. அதுல ஆஸ்கர் பர்னாக்னு ஒருத்தன். ஆஸ்துமாக்காரன். அந்தக் காலத்துப் பெரிய கேமராப் பொட்டியையும் கண்ணாடித் தகட்டையும் தூக்கிக்கினு மலை ஏற முடியல. அதனால சட்டைப் பையில அடங்குற மாதிரி ஒண்ண 1914ல செஞ்சான். 1925ல லெய்ப்சிக் சந்தையில அதக் கடைக்குக் கொண்டாந்தாங்க. மூச்சு வாங்குறவன் செஞ்ச பொட்டி, இன்னிக்கு வெலயக் கேட்டா நமக்கு மூச்சு வாங்குது. எம்11ன்றது 2022ல வந்தப்பவே 8,995 டாலரு. லென்ஸு தனி. அதே வருஷம் பர்னாக் தன் கையில வெச்சிருந்த பழைய பொட்டி ஒண்ண ஏலம் வுட்டாங்க, 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போச்சு. நம்ம கணக்குல நூறு கோடிக்கு மேல. அந்தத் துட்டுல இந்தத் தெருவ வாங்கிட்டு, மிச்சத்துல அரக்கோணத்துல பாதி வாங்கலாம்.

லைக்காக்காரன் 2006ல டோக்கியோ கின்சாவுல மொதல் சொந்தக் கடைய போட்டான். இப்ப உலகம் முழுக்க நூத்துக்கு மேல. நம்ம தேசத்துல டெல்லி கனாட் பிளேஸ்ல போட்டான். பியூஜிக்காரன் 2019ல லண்டன்ல போட்டான். பேரு கூட கடைன்னு கெடையாது, போட்டோகிராபி வீடாம். திருத்தணி எந்த லிஸ்ட்டுலயும் இல்ல நைனா. இல்லாதவன் வந்து உன் பொழப்ப எப்பிடிக் கெடுத்தான்னு எனக்குப் புரியல.

சரி, கம்பெனிக்காரன் ஏன் தானே கடை போடுறான்னு யோசிச்சியா? ஜப்பான்ல கேமராக் கம்பெனிங்க சங்கம் ஒண்ணு கணக்கு வெச்சிருக்குது. 2010ல டிஜிட்டல் கேமரா 12 கோடிக்கு மேல அனுப்புனாங்க. 2023ல 80 லட்சம் கூடத் தேறல. பதினஞ்சுல ஒரு பங்கு. மிச்சத்த உன் கையில கீது பாரு, அந்த செல்போன் தின்னுடுச்சி. பன்னெண்டு கோடி விக்கணும்னா ஊருக்கு ஊரு, தெருவுக்குத் தெரு ஆளு வேணும். அப்ப கடைக்காரன மாலை போட்டுக் கூப்புட்டான். எம்பது லட்சம், அதுவும் லட்ச ரூபா சரக்கா விக்கணும்னா பெரிய பட்டணத்துல பத்து கண்ணாடிக் கதவு போதும். கமிஷனும் மிச்சம், வெலையும் அவன் சொல்றதுதான். சின்னக் கடைக்காரன் இத்தினி லட்சத்த பீரோவுல பூட்டி வெச்சிக்கினு எத்தினி நாள் வட்டி கட்டுவான்? இங்கிலீஷ்காரன் ஊர்லயே ஜெஸ்ஸாப்ஸ்னு தெருவுக்குத் தெரு இருந்த கேமராக் கடை, 2013 ஜனவரியில ஒரேயடியா 187 கடைய மூடுனான்.

இதெல்லாம் கம்பெனிக்காரன் கத்துக்கினது இன்னிக்கு நேத்து இல்ல. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவுல கோடாக்ன்ற பேர பதிஞ்சாங்க. மறுநாள் 5ஆம் தேதி நம்ம ஊர்ல சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பொறந்தாரு. ஜனாதிபதிய விட கோடாக் ஒரு நாள் மூத்தது. உங்க ஸ்டுடியோக்காரங்க எவனும் இத போர்டுல எழுதல, எனக்கு அதுல வருத்தம்தான். அந்த மொதல் கோடாக்குல நூறு படம் புடிக்கலாம். முடிஞ்சதும் பொட்டியவே கம்பெனிக்கு அனுப்பணும். அவன் கழுவி, புது சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவான். நடுவுல கடைக்காரன் இல்ல. அப்பால யாவாரம் பெருசாச்சு, கடைக்காரன் வேணும்னு வந்தான். இப்ப யாவாரம் சுருங்கிப்போச்சு, கடைக்காரன் வேணாம்னு போறான். போறவன் மட்டும் நிரந்தரமா? 1975ல டிஜிட்டல் கேமராவ மொத மொத செஞ்சதே அந்தக் கோடாக்குல வேல பாத்த ஸ்டீவன் சாஸன்தான். செஞ்சத மேசைக்கு அடியில வெச்சான், 2012ல கம்பெனியே திவால் மனு போட்டுச்சி. கோனிகா 2006லயே போட்டோ தொழில விட்டே போறேன்னுட்டான். அவன் போன பிறவும் அவன் பேர மாட்டுன கலர் லேப் போர்டு ஊருக்கு ஊரு நின்னுச்சி. நம்ம சர்க்காரே ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு 1960ல ஆரம்பிச்சி, இந்துன்ற பேர்ல பிலிமு வித்துது. அதுவும் போச்சு.

நீ பொறந்ததுலருந்து தமிழ்நாட்டுக்காரன். நான் அப்பிடி இல்ல. 1960 மார்ச் 31 ராத்திரி சித்தூர் ஜில்லா ஆந்திராக்காரனா பாய் விரிச்சேன், ஏப்ரல் 1 காலையில மெட்ராஸ் ராஜ்யத்துக்காரனா எழுந்தேன். ம.பொ.சி. போராடுனாரு, எல்லைக் கோடு நவுந்துச்சி. பாய் நவுரல. ஊரே கை மாறுன எடத்துல குந்திக்கினு, யாவாரம் கை மாறுதுன்னு அழுவுறியே.

உன் யாவாரத்த மொதல்ல தின்னது லைக்கா இல்ல நைனா, சர்க்காரு. 1993ல ஓட்டுக்கு போட்டோ கார்டுன்னாங்க. ஊரே போட்டோக்காரன தேடுச்சி, உனக்கு முன்னாடி இங்க இருந்தவரு ரெண்டு வருஷம் வாடகைய தேதி தவறாம குடுத்தாரு. அப்பால ஆதாரு வந்துச்சி, அவனே கேமரா வெச்சிக்கினான். பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனா அவனே புடிக்கிறான். சர்க்காரும் சொந்தக் கடை போட்டுடுச்சின்னு சொல்லு. ஆதார் கார்டுல என் மூஞ்சிய பாத்தியா? போலீஸ் தேடுற ஆளுன்னு என் பேரனே சொல்றான். அந்தக் கார்டு ஒண்ணுதான் உன் ஸ்டுடியோவுக்கு இப்ப ஓசி விளம்பரம்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன், கோச்சிக்காத. போன வருஷம் மெட்ராஸ்ல ஒரு பழைய கேமராக் கடைக்குப் போனியே. ரெண்டு மணி நேரம் அந்தக் கடைப் பெரியவர் லென்ஸ மாட்டிக் கழட்டி, எது கல்யாணத்துக்கு ஆவும், எது மண்டபத்து வெளிச்சத்துல தாங்கும்னு எல்லாம் கேட்டுக்கினு, அவர் வாங்கிக் குடுத்த டீயையும் குடிச்சிட்டு, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்த. வர்ற வழியில ரயில்லயே ஆன்லைன்ல ஆர்டர் போட்ட. ஐநூறு ரூபா கம்மியாம். என்கிட்ட பெருமையா வேற சொன்ன. அந்தப் பெரியவரு கடைய மூடுனா பழிய ஜெர்மனிக்காரன் மேல போடுறியே, நியாயமா?

பழைய கடைக்காரங்க எல்லாம் தருமராஜாவும் இல்ல. பில்லு கேட்டா சிரிச்சவனும் இருந்தான், முப்பத்தாறு படம் ரோல்ல நாலு படம் கெட்டுப்போச்சுன்னு பொய் சொன்னவனும் இருந்தான். ஆனா உனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட ஒரு கொணம். அப்ப பரோடாவுல செஞ்ச அக்பா கிளிக்தான் வீட்டுக்கு வீடு ஆசைப்படுற பொட்டி. ரோலுக்கு 12 படம், சதுரமா வரும். நெசவுக்காரர் ஒருத்தரு பொதட்டூர்ப்பேட்டையிலருந்து துட்டு கட்டிக்கினு வந்து கேமரா வேணும்னாரு. ஸ்டுடியோக்காரரு கேட்ட மொத கேள்வி, வருஷத்துக்கு எத்தினி விசேஷம் உங்க வீட்டுலன்னு. ரெண்டுன்னாரு அவரு. அப்ப உனக்கு எதுக்குய்யா கேமரா, விசேஷத்தன்னிக்கு என்ன கூப்புடு, இல்ல என்னுத வாடகைக்கு எடுத்துக்கினு போன்னு அனுப்பிட்டாரு. அந்தக் குடும்பம் மூணு தலைமுறையா அவர்கிட்டயே வந்துச்சி. கம்பெனி கடையில எல்லாம் கெடைக்கும் நைனா. ஏசி, படம் மாட்டுன கேலரி, இங்கிலீஷ் பேசுற பொண்ணு. உனக்கு இது வேணாம், பக்கத்துக் கம்பெனிக்காரனுது போதும்னு சொல்ற வாய் ஒண்டி அங்க கெடைக்காது. அந்த வாய்க்கு அவன் சம்பளம் குடுக்கல.

அவங்கள மாதிரி நீயும் ஆவணும்னா வழி சொல்றேன். ஸ்டுடியோன்ற பேர அழி. எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்னு எழுது. அந்த முருகன் காலண்டரு, நீல ஸ்கிரீனு, சீப்பு, பவுடர் டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு சுவர வெள்ளையடி. நடுவுல மேசை, அதும்மேல ஒரே ஒரு கேமரா. வெல எழுதாத. வர்றவன் வெல கேட்டா, அந்தக் கேள்வி கேக்குறவங்களுக்கு இது இல்லன்ற மாதிரி ஒரு சிரிப்பு சிரி. ஒரு மாசம் ஓட்டிப் பாரு. ரெண்டாவது மாசம் கட்டடத்த இட்லிக் கடைக்கு விட்டுடுறேன்.

வேணாம்னா இதக் கேளு. நகரியிலருந்து, புத்தூர்லருந்து, பள்ளிப்பட்டுலருந்து கல்யாணப் பார்ட்டி இந்த வழியாத்தான் மலைக்குப் போறாங்க. உனக்குத் தெலுங்கும் வரும் தமிழும் வரும், பேரம் பேச அது போதும். நம்ம பக்கத்துல கேமரா வெச்சிருக்குற பொடிப் பசங்க நெறைய பேரு. ஐப்பசி மழையில லென்ஸுக்குள்ள பூசணம் பூத்தா அத எடுத்துக்கினு மெட்ராஸுக்கு ஓடுறாங்க. அங்க சர்வீஸ்ல வாரக்கணக்குல வெச்சிக்கினு, போர்டு மாத்தணும்னு ஒரு சீட்டு குடுக்குறான். நீ தொடைக்கக் கத்துக்கோ. பெரிய லென்ஸு ரெண்டு வாங்கி நாள் வாடகைக்கு வுடு, எல்லாரும் லட்சம் போட்டு வாங்க வேண்டியதில்ல. பழச எடுத்து மாத்திக் குடு. சனங்க செல்போன்ல பத்தாயிரம் போட்டோ கீது, சுவத்துல ஒண்ணு கூட கெடையாது. அத பிரிண்டு போட்டுக் குடுக்க ஆளு வேணும். போன் கெட்டு மொத்தமும் போன அன்னிக்குத்தான் உன்ன தேடி வருவாங்க, அதுக்கு முன்னாடியே வரவழைக்கிறதுதான் யாவாரம். அந்த நெசவுக்காரர் குடும்பத்துக்கும் ஒரு போன் போடு, பேத்திக்குக் கல்யாணமாம்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி புதுசா லென்ஸு வாங்கணும்னு சொல்லிக்கினு இருந்தியே. அந்த மெட்ராஸ் பெரியவர் கடைக்கே போ. எந்தக் கடையில தொட்டுப் பாக்குறியோ அந்தக் கடையிலயே வாங்கு. ஐநூறு சாஸ்தின்னாலும் வாங்கு. பில்லக் கொண்டாந்து காட்டு, அந்த ஐநூற வாடகையில கழிச்சிக்கிறேன். ஒரு மாசத்துக்கு ஒண்டிதான்.