தட்டும் பாடும் மீனும்

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மட்டக்களப்பில் இரண்டு எதிரிகள். ஒன்று கணிதம், அதை ரியூசன் பார்த்துக்கொள்ளும். மற்றது ஆங்கிலத்துத் ‘தட்’. அது மாமாக்களின் பொறுப்பு.

“மாமா, இது கொன்ஜங்ஷனா, ரிலேட்டிவ் புரோனவுனா?” என்று கல்லடி மருமகன் கொப்பியை நீட்டுவான். ஒரே ஆளுக்குப் பல உத்தியோகம் கொடுத்தால் இப்படித்தான். ‘அந்த மீன்’ என்று சுட்டவும் தட், ‘பாடுகிற மீன்’ என்று மீனை விவரிக்கவும் தட், ‘மீன் பாடுகிறது என்று சொன்னார்’ என்று இரண்டு வசனங்களை ஒட்டவும் தட். பிள்ளைகளை மிரட்டுவதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘ஐ நோ தட் தட் தட் தட் தட் போய் றோட் இஸ் றோங்.’ ஸ்டார்ட் எடுக்க மறுக்கும் வள்ளத்து எஞ்சின் மாதிரி. ஐந்து தட்டுக்கு நாலு வகை வேலை. எங்கள் ஊரில் இதே சங்கதி, ‘அந்தப் பொடியன் எழுதின அந்தத் தட் பிழையெண்டு எனக்குத் தெரியும்’ என்று முடிந்துவிடும்.

ரியூசன் சேர் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார்: தட்டைத் தூக்கிவிட்டு ‘விச்’ போட்டுப் பார், பொருந்தினால் ரிலேட்டிவ். என் வழி வேறு. தட்டுக்குப் பின்னால் வருவது தனியே நிற்கிறதா என்று பார். நின்றால் தட் வெறும் இணைப்பு. எழுவாயோ செயப்படுபொருளோ காணாமல் போயிருந்தால் அந்த வேலையைத் தட்டே செய்கிறது. ‘த ஃபிஷ் தட் சிங்ஸ்’ என்பதில் பாடுவது யார்? தட்தான்.

உதாரணத்துக்கு வாவியே இருக்கிறது. பௌர்ணமி இரவில் துடுப்பை நீரில் விட்டு மேல்முனையில் காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பார்கள். 1848இல் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ட் வள்ளத்தில் போய்க் கேட்டார். பாடுவது மீனல்ல, ஊரி என்று மீனவர் சொன்னதாக 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதியும் வைத்தார். ‘பாடுகிறது என்று சொன்னார்கள்’ என்றால் சொன்னவர் பொறுப்பு. ‘பாடும் மீன்’ என்று பெயரெச்சத்தில் ஏற்றிவிட்டால் பிறகு யாரும் சாட்சி கேட்பதில்லை. ‘மீன் பாடுவதாகச் சொல்லப்படும் நாடு’ என்று நாங்கள் பெயர்ப்பலகை எழுதுவதில்லை, ‘மீன்பாடும் தேன்நாடு’தான். (வாவி என்று பழகாமல் ஏரி என்றிருந்தால் ‘ஊரி பாடும் ஏரி’ என்று எதுகையும் உண்மையும் ஒருசேரக் கிடைத்திருக்கும்.)

ஆனால் தமிழைப் பற்றியும் அதிகம் பீற்றிக்கொள்ள முடியாது. ‘முதலாளி சொன்ன செய்தி’, ‘முதலாளி கடன்பட்ட செய்தி’. இரண்டும் பெயரெச்சம்தான். முதலாவதில் சொல்லப்பட்டதே செய்தி, ஆங்கிலத்தில் ரிலேட்டிவ். இரண்டாவதில் கடன்பட்டதுதான் செய்தி, அங்கே இணைப்பு.

இதை மருமகனுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்துவிட்டாள்.

“எந்த முதலாளி தம்பி? ஆரிட்டயாம் கடன்? மறுகா?”