ஆடு என்ன தின்றது?

● சிக்கனச் செல்வி, சேலையூர்
"மூலிகை மேய்ந்த ஆடும்மா" என்று சொல்லிக் கறிக்கடைக்காரர் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கேட்கிறார். கொடுக்கலாமா?

அந்த மூலிகை எந்த ஊரில் முளைத்தது என்று முதலில் கேளுங்கள். முடிச்சூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை காலி மனைகளில் எனக்குத் தென்படுவது கோரை, சீமைக்கருவேலம், 'மனைகள் விற்பனைக்கு' பலகை இவ்வளவுதான்.

ஆனாலும் அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை உண்டு. தின்ற தீவனம் கறியில் தெரியும். முக்கியமாகக் கொழுப்பில் தெரியும். பச்சைப் புல்லில் இருக்கும் புரதம் ஆட்டின் முதல் வயிற்றில் சட்டென்று சிதையும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதிலிருந்து ஸ்கடோல் என்ற பொருளை உண்டாக்கும். அது கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும். (செறிவாக இருந்தால் சாணி வாடை, துளியினும் துளியாக இருந்தால் பூ வாசம். செண்ட் தயாரிப்பவர்களும் இதை விட்டுவைக்கவில்லை.) மக்காச்சோளமும் தவிடும் தின்று கொழுத்த ஆட்டில் வேறு வகைக் கொழுப்பு அமிலங்கள் கூடும். ஆட்டுக்கென்றே ஒரு வீச்சம் இருக்கிறதே, அது அவற்றின் வேலை. ஆக, இரண்டு ஆடும் மணக்கும், வேறு வேறு மாதிரி.

பட்டை, கிராம்பு, சோம்பு, இஞ்சி, பூண்டு எல்லாம் வதக்கிய பிறகும் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் மூக்கு உங்களுக்கு இருந்தால் நூறு ரூபாயைக் கொடுங்கள்.

● சுவரொட்டி சுந்தரம், மேற்குத் தாம்பரம்
மார்க்கெட் பக்கம் திரியும் ஆடுகள் போஸ்டர் தின்கின்றனவே, கறியில் அரசியல் வாடை வருமா?

வராது. காகிதம் என்பது ஆட்டுக்கு நார்ச்சத்து. அதைவிட, பின்னால் தடவிய மைதாப் பசைதான் அதற்கு விருந்து. எல்லாக் கட்சியையும் ஒரே மாதிரி ஜீரணித்துவிடும். கவலைப்பட வேண்டியது பிளாஸ்டிக் பைக்கு. அது செரிக்காது, வயிற்றை அடைத்துக்கொள்ளும். ஆடு தீனி எடுக்காமல் மெலிந்துகொண்டே போகும். வயிறு உப்பி, முதுகெலும்பு துருத்திய ஆட்டை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

● ஊர்சுற்றி, மேடவாக்கம்
வெளிநாட்டில் ஆடு மேய்ந்த இடத்தைச் சொல்லியே கறி விற்கிறார்களாமே?

பிரான்சில் மோன் சான் மிஷேல் அருகே, கடல்நீர் ஏறி இறங்கும் உப்புப் புல்வெளியில் மேய்ந்த குட்டிக்குத் தனிப் பெயர், தனி விலை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே நார்த் ரொனால்ட்சே தீவில் ஆடுகள் கடற்பாசி தின்கின்றன. பயிரில் வாய் வைக்காதபடி தீவைச் சுற்றி மதில் எழுப்பி அவற்றைக் கடற்கரைக்கே துரத்திவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் கரூ என்ற வறண்ட பூமி, வாசனைப் புதர் தின்ற ஆட்டுக்குப் பேர்போனது.

கரூருக்கும் அந்தக் கரூவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நம் கரூர், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு அதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காய் உதிரும் காலத்தில் செம்மறிகள் மரத்தடியை விட்டு நகராது. இந்த மாதிரி மரங்களின் தழையிலும் காயிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அது புரதம் சிதைவதைத் தாமதப்படுத்துவதால், மேலே சொன்ன ஸ்கடோலும் குறையும். இத்தனை இருந்தும் 'கொறங்காட்டுக் கறி' என்று ஒரு பலகையை நம் கடைகளில் நான் பார்த்ததில்லை. இங்கே எல்லாமே 'மட்டன்'.

● அரைகுறை ஆராய்ச்சியாளன், பொத்தேரி
காட்டுப்பாக்கத்தில் ஆட்டு ஆராய்ச்சி நடக்கிறதாமே?

பூந்தமல்லிச் சாலைக் காட்டுப்பாக்கத்தில் இறங்கிவிடாதீர்கள், அங்கே பிரியாணிக் கடைதான் கிடைக்கும். இது உங்கள் காட்டாங்கொளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. நம் மண்ணின் செம்மறியான 'மெட்ராஸ் ரெட்' அங்கே ஆராயப்படும் இனங்களில் ஒன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்துச் சிவப்பு ஆடு. கம்பளி கிடையாது, கறிக்கென்றே வளர்ப்பது.

இந்த ஆடு பெரும்பாலும் அறுவடை முடிந்த வயலிலும் ஏரிக்கரையிலும் மேய்ந்தே வளர்கிறது. கோடையில் புல் காய்ந்தால் எடை ஏறாது. எடை வரட்டும் என்று ஆட்டுக்காரர் காத்திருக்க, ஆட்டுக்கு வயது ஏறிவிடும், கறி முற்றிவிடும். வேலிமசால், அகத்தி, கடலைக்கொடி, கொஞ்சம் அடர்தீவனம் என்று குட்டியிலிருந்தே கவனித்தால் அதே எடை சில மாதம் முன்னாலேயே வந்துவிடும். கறி இளசாக இருக்கும். தீவனம் வாசனைக்குச் செய்வதைவிட வயதுக்குச் செய்யும் இந்த உபகாரம்தான் பெரிது. மூலிகைக் கதைக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

● சந்தேகப் பிராணி, பெருங்களத்தூர்
ஆட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் எப்போதும் 'இளங்குட்டி' என்கிறாரே?

கடையில் மாட்டியிருக்கும் தலையைப் பாருங்கள். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. எட்டும் சின்னதாக இருந்தால் பால்பல், அதாவது பல் போடாத குட்டி. நடுவில் இரண்டு மட்டும் பெரிதாக இருந்தால் ஒரு வயதைத் தாண்டியது. எட்டும் பெரிதாக இருந்தால் அது குட்டியில்லை, குட்டிக்குத் தாத்தா.

● அப்துல்லாவின் அம்மா, பல்லாவரம்
பக்ரீத்துக்கு வாங்கிய கிடாவுக்குப் பிள்ளைகள் பாசத்தோடு சோறு ஊட்டுகிறார்கள். கறி ருசிக்குமா?

சோற்றை உடனே நிறுத்துங்கள்! பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரென்று நிறையச் சோறோ அரிசியோ போட்டால் வயிற்றில் அமிலம் பெருகும். கழிச்சல் கண்டு படுத்துவிடும், ஒரே நாளில் செத்தும் போகலாம். கடலைக்கொடி, தழை, தண்ணீர் போதும். நாலு நாள் தீனியில் கறியின் ருசி மாறாது. கொழுப்பின் தன்மை மாற வாரக்கணக்கு ஆகும். ஒன்று மட்டும் கடைசி நாளிலும் உங்கள் கையில் இருக்கிறது: கிடாவை மிரட்டாமல், ஓடவிடாமல் வைத்திருப்பது. மிரண்டு களைத்த ஆட்டின் தசையில் சர்க்கரை தீர்ந்துவிடும். அப்புறம் கறி கறுத்து, பிசுபிசுவென்று, சீக்கிரம் கெடும்.

● மூக்குத்தி, வண்டலூர்
வீச்சம் போக ஒரு வழி?

கொழுப்பை அரிந்து எடுத்துவிடுங்கள். காயடிக்காத முற்றிய கிடா என்றால் அதுவும் போதாது. அடுத்த முறை குட்டிக்கறி வாங்குங்கள்.

● குக்கர் குமரன், குரோம்பேட்டை
எட்டு விசில் விட்டும் கறி ரப்பர். தீவனம் சரியில்லையோ?

தீவனத்தின் மேல் பழி போடாதீர்கள். விடியற்காலை அறுத்து, ஏழு மணிக்கு வாங்கி, ஒன்பது மணிக்குக் குக்கரில் போட்டிருப்பீர்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பேற்றினால் எந்தப் புல் தின்ற ஆடும் ரப்பர்தான். நம் ஊரில் 'பிரிட்ஜ் கறி' என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் குளிரில் ஒரு நாள் இருந்தால்தான் அந்த விறைப்பு தளரும். சூடு ஆறாத கறியைப் பிரீசரில் திணிக்கக் கூடாது, தசை இன்னும் சுருங்கும். கீழ்த்தட்டில் வையுங்கள். சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை சமையுங்கள். கடை வாசலில் ஞாயிறு காலை வரிசையிலும் ஒரு ஆள் குறையும்.