ஆமைக்கு நோட்டீஸ் போனதா?

கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் வரப்போகின்றன. 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தாயிற்று. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு கைமாறும். போகும் மரங்கள் 2023-இல் அரசு சொன்ன கணக்கிலேயே 9.64 லட்சம். ஈடாகக் காடு வளர்க்க வேண்டுமே? வளர்ப்பார்கள், ஹரியானாவில்! கடலே இல்லாத மாநிலம். கிணற்றைத் தூர்த்துவிட்டு, அடுத்த ஜில்லாவில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதைதான்.

பவளப்பாறைகளைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பார்களாம். வாடகை வீடு மாற்றுகிற மாதிரி. துறைமுகம் வரப்போகும் கலத்தியா விரிகுடாவில் இருந்த சரணாலயத்தை 2021-லேயே ரத்து செய்துவிட்டார்கள். அங்கே முட்டையிட வருகிற, உலகின் மிகப் பெரிய கடலாமைக்கு இதை யார் போய்ச் சொல்வது? அதற்கு இந்தி தெரியுமோ என்னவோ.