ஓரியின் அம்பும் குவார்ட்டர் பாட்டிலும்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தால், அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. முட்டி கழலும். கழலட்டும். ஐயாறு 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுவதைப் பார்க்க முட்டியைக் கொடுக்கலாம்.

வழி தவறுமோ என்ற பயமே வேண்டாம். சிப்ஸ் உறையும் ஷாம்பு பாக்கெட்டும் கடைசிப் படிவரை கூடவே வரும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடையாம். தடை பிறந்தபோதே தொழிற்சாலையில் அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கும் கூடப் பிறந்தது. டீக்கடை கப் குற்றவாளி. கம்பெனி உறை விருந்தாளி. பிறகு விலக்கை நீக்கினார்கள். உறைக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

இது வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்கிறது புறநானூறு. பாவம், பழைய தொழில்நுட்பம். நமக்கு வில் வேண்டாம், குறியும் வேண்டாம். குடித்து முடித்த பாட்டிலைப் பாறையில் ஓங்கி ஒரு அடி. போதும். மான், பன்றியோடு, அருவியில் குளிக்க வந்த பிள்ளையின் பாதமும் கணக்கில் சேரும். அடிப்பவன் வெளிநாட்டுக்காரன் இல்லை. நம் வேனில் வந்தவன்தான்.

அம்பு சப்ளை? 2003 முதல் மதுவின் சில்லறை வியாபாரம் அரசின் கையில். காட்டில் கண்ணாடிச் சில்லு யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்ட பிறகே, 2022-ல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்றார்கள். என்ன தாராளம்! விற்கும்போதே கூடுதலாகப் பிடுங்கி வைத்த அதே பத்து ரூபாய். கோர்ட் சொல்லும்வரை யானைக்குக் கால் இருப்பதே கோட்டைக்குத் தெரியாது போல.

விற்பதும் அரசு. 'வனத்தைக் காப்போம்' என்று பலகை நடுவதும் அரசு. அந்தச் சில்லுகளைச் சாக்கில் கட்டித் தலையில் ஏற்றி ஆயிரம் படி ஏறுவது மட்டும் அரசு இல்லை. அதற்கு யாராவது ஒரு அக்கா இருப்பார்.

ஆடி மாதம் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. பாட்டிலையும் களத்தில் இறக்கினால் முதல் பரிசு யாருக்கு என்று நடுவர்களுக்கே தெரியும்.