ரெஃபரன்ஸ் புக்கு வெளியே வராதுங்க தம்பி

நாமக்கல் வட்டாரத்துப் பள்ளி விடுதிகளின் கறார் தமிழ்நாடு அறிந்தது. கேட்டைத் தாண்டிப் பிள்ளை தலையை நீட்ட முடியாது. பெற்றவர்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்து, முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறலாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் பள்ளியோடு நிறுத்த மனம் வராமல் கல்லூரி நூலகத்துக்கும் கொண்டுபோய்விட்டோம். அங்கே அடைபட்டிருப்பது புத்தகம். அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளியில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. பெயர் எதற்கு, ஏதோ ஒரு கல்லூரி நூலகத்துக்குள் போய்ப் பாடப்புத்தகம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

"அது ரெஃபரன்ஸ்ங்க தம்பி. வெளியே தர்றதில்ல."

"இங்கேயே உட்கார்ந்து படிச்சுக்கறேன் சார்."

"பீரோ பூட்டியிருக்குது. சாவி ஹெச்.ஓ.டி. கிட்ட."

"ஹெச்.ஓ.டி. சார் எங்கீங்க?"

"பேப்பர் திருத்தப் போயிருக்காருங்க. புதன்கிழமை வந்து கேளு."

பரீட்சை செவ்வாய்க்கிழமை.

புத்தகத்தை ஒதுக்கி வைப்பது நாம் கண்டுபிடித்த கொடுமை இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஒதுக்குகிறார்கள். பருவம் தொடங்குமுன் ஆசிரியர் உட்கார்ந்து, எந்தப் புத்தகம், அதில் எந்த அத்தியாயம் என்று பட்டியல் எழுதி நூலகத்துக்கு அனுப்புவார். இருக்கிற இரண்டு பிரதியையும் நூலகர் கவுண்டருக்குப் பின்னால் எடுத்து வைப்பார். ஒருவருக்கு இரண்டு மணி நேரம். தாமதித்தால் மணிக்கணக்கில் அபராதம். வசதியுள்ள ஒருவன் முதல் நாளே எடுத்துப்போய்ப் பருவம் முழுக்கப் பதுக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இருப்பது இரண்டே பிரதி, ஆனாலும் வகுப்பு முழுக்கப் படித்துவிடும். நாமோ யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக ஒதுக்குகிறோம்.

இதில் மாணவன் கோபப்படும் முதல் ஆள் நூலகர். பாவம், விட்டுவிடுங்கள். ஸ்டாக் எடுக்கும்போது ஒரு புத்தகம் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். பல இடங்களில் காசும் அவர் கையிலிருந்துதான் போகும். பத்து வருஷமாக ஒருவரும் புரட்டாத புத்தகத்துக்கு மெமோ வந்ததாகச் சரித்திரம் இல்லை. காணாமல் போவது குற்றம், வீணாய்ப் போவது ஒழுங்கு என்று விதி எழுதி வைத்துவிட்டு, பீரோவைப் பூட்டுகிறவரைத் திட்டி என்ன பயன்?

புத்தகம் பயன்படுவதற்கே என்பதை நூலகத்தின் முதல் விதியாக 1931-இல் எழுதிவைத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஆகஸ்ட் 12 அவர் பிறந்த நாள், நூலகர் தினம். கல்லூரிதோறும் படத்துக்கு மாலை, மேடை, சால்வை, கேசரி. விழாப் பேச்சாளர் ஐந்து விதிகளையும் வரிசையாக ஒப்பிப்பார். மேடைக்குப் பத்தடி பின்னால் பீரோவில் பூட்டு தொங்கும். அந்தப் பூட்டுக்கும் ஒரு மாலை போட்டிருக்கலாம். அன்றாடம் வேலை செய்வது அதுதான்.

பட்டியல் எழுத வேண்டிய ஆசிரியப் பெருமக்களுக்கு வருவோம். பாடத்திட்டத்தின் கடைசியில் பார்வை நூல்கள் என்று ஐந்தாறு பெயர் அச்சாகியிருக்கும். போன பாடத்திட்டத்திலிருந்து இதற்கும், இதிலிருந்து அடுத்ததற்கும் அலுங்காமல் குலுங்காமல் பயணம் செய்யும் பெயர்கள். அவற்றில் எது நம் நூலகத்தில் இருக்கிறது என்று பருவம் தொடங்குமுன் போய்ப் பார்த்தவரை எனக்குக் காட்டுங்கள், கும்பிடுகிறேன். இருக்கிற ஒரே பிரதியும் துறைத்தலைவர் பி.எச்டி. செய்த காலத்தில் அவர் பெயரில் போனது. பட்டம் வந்துவிட்டது, புத்தகம் வரவில்லை. மாணவன் ஒரு வாரம் தாமதித்தால் அபராதம். ஆசிரியர் பத்து வருஷம் தாமதித்தால் அனுபவம்.

வகுப்பில் வரும் அறிவிப்பு வேறு: "நோட்ஸை ஜெராக்ஸ் கடையில கொடுத்திருக்கேன், வாங்கிக்குங்க." டூ மார்க் தனி, பிக் கொஸ்டின் தனி, ஸ்பைரல் பைண்டிங்குடன். ஜெராக்ஸ் கடைக்காரர் ஐ.டி. கார்டு கேட்பதில்லை, புதன்கிழமை வா என்று சொல்வதில்லை. கல்லூரி செய்யாத நூலக வேலையை வாசலில் பெட்டிக்கடை அளவு இடத்தில் அவர் செய்கிறார். கொடுப்பதுதான் சக்கை.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது, ராமேஸ்வரி என்று. ஆசிரியர்கள் குறித்துத் தந்த அத்தியாயங்களை நகலெடுத்துத் தொகுத்து மாணவருக்கு விற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2012-இல் வழக்குப் போட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் கடைக்காரருக்காக நீதிமன்றம் ஏறினார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கற்பித்தலுக்காக நகலெடுக்க இடம் தருகிறது என்று சொல்லி 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்றே சொன்னது. 2017-இல் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது.

அந்த மூன்று பதிப்பகங்களுக்கும் சேலம் நாமக்கல் மக்கள் சார்பில் ஒரு உறுதிமொழி தரலாம்: நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் நாங்கள் நகலெடுப்பதில்லை. எங்களுக்கு வேண்டியது ஐந்து வருஷக் கேள்வித்தாளும் அதற்கான விடையும்தான்.

மாணவன் ஏன் எதிர்த்துக் கேட்பதில்லை? கேட்காமல் இருக்கத்தானே காசு கட்டிப் பழக்கினோம்! பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த தனியார் பள்ளிகளால்தான் அரசு 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர நேர்ந்தது. ஒரு வருஷப் புத்தகத்தை மொத்தமாய் ஒளித்தபோதே ஏனென்று கேட்காமல் மார்க்கை எண்ணிய ஊர் இது. பூட்டிய பீரோவைப் பார்த்து அதிர்ச்சி அடையுமா?

கேட்கிற ஒரு சிலரும் எடப்பாடியிலிருந்து, ஆத்தூரிலிருந்து, தறிக்கார வீட்டிலிருந்து, மரவள்ளிக் காட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். ஆயிரம் ரூபாய்ப் புத்தகத்தைச் சொந்தமாய் வாங்க வழியில்லாதவர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் நூலகம் திறந்திருக்கும். வகுப்பு முடிந்தால் நூலகமும் முடிந்தது, பஸ்ஸும் வந்தது. இவர்களுக்கு நாட்டின் பதில் என்ன தெரியுமா? 2024 நவம்பரில் மத்திய அரசு, அரசுக் கல்வி நிலையங்களுக்காக 6,000 கோடி ரூபாயில் ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்தை அறிவித்தது. சுமார் 13,000 ஆய்விதழ்கள்! ஆராய்ச்சிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. பையன் கேட்டது ஒரு பாடப்புத்தகம், இரண்டு மணி நேரத்துக்கு.

ஆள் விஷயத்தில் நம் தாராளத்தைப் பாருங்கள். 353 ஆசிரியர்கள் 224 பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் முழுநேரமாக ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. மாநிலம் முழுக்கச் சிரித்தது. ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. ஒரே புத்தகம் ஒரு கல்லூரியில் இரண்டு பேர் கைக்குப் போகத்தான் முடியவில்லை.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. இன்ஸ்பெக்ஷன் குழு வரும் தேதியை ஆபீஸ் உதவியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு பீரோ துடைத்துத் திறந்திருக்கும், ஃபேன் ஓடும், சாவிக்காரரே வாசலில் நிற்பார். பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடு மேசையில் உட்காருங்கள். ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். படத்துக்கு நீங்கள் தேவை. மத்தியானம் மூன்று மணிவரை படிக்கலாம், மூன்றே காலுக்குக் குழுவின் கார் கிளம்பிவிடும்.