தண்ணீர் மட்டும்

இன்று காலை ஐந்தரை மணிக்கு நான் குடித்த கோப்பியில் வாசனைக்குப் பஞ்சமே இல்லை; கோப்பியின் வாசனை ஒன்றுதான் வரவில்லை. முதல் மிடற்றில் இஞ்சி தலைகாட்டியது. இரண்டாவது மிடற்றில் ஓமம் வந்து க்ஷேமம் விசாரித்தது. மூன்றாவது மிடற்றில், என் தங்கை மகன் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஏதோ ஒரு காய்ந்த பூவின் கசப்பு, நாக்கின் அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. இத்தனைக்கும் கீழே, கச்சேரியில் தம்பூரா போல, பேரனுடைய மெகி மீயின் மசாலா ஆதியிலிருந்து அந்தம் வரையில் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. இடது கடைவாயில் வேறொரு சங்கடமும் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

வாசகர்கள் தங்கள் வீட்டு மின்சாரக் கெட்டிலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வந்தால், இக்கட்டுரையின் முற்பகுதியை நான் எழுதவேண்டிய சிரமமும் அவர்கள் படிக்கவேண்டிய சிரமமும் மிச்சமாகும்.

எங்கள் வீட்டுக் கெட்டிலின் நெற்றியில் 'தண்ணீர் மட்டும்' என்று அழகிய கையெழுத்தில் எழுதி நானே ஒட்டிவைத்திருந்தேன். முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளிக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்தில் பிழை இல்லை. ஆனால் ஆவி பட்டுப் பட்டு, நான்காம் நாள் காகிதத்தின் பின்பாதி கிழிந்து 'மட்டும்' உதிர்ந்துபோயிற்று. 'தண்ணீர்' என்பது மட்டும் மிஞ்சியது. அதாவது, விதியாக இருந்தது வெறும் சிபாரிசு ஆகிவிட்டது. அன்று மாலையே அதில் முட்டை வெந்தது.

ஆகவே, மின்சாரக் கெட்டிலைப் பிரயோகிப்பதற்கு உரிய நியமங்களை, இப்போதைக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம், நம் ஜனங்களின் நன்மையை முன்னிட்டு வரையறுத்துக் கொடுப்பதே இக்கட்டுரையின் உத்தேசம். அதற்கு முன் சிறிது பூர்வ கதை அவசியமாகிறது.

நான் பிறந்தது கெடா மாநிலத்து லூனாஸுக்கு அண்மையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அது இப்போது பாதி செம்பனையாகவும் பாதி தாமான் குடியிருப்பாகவும் உருமாறி, கூலிம் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் நிற்கும் இடமாகிவிட்டது. அக்காலத்தில் லயத்து வீடுகளில் விளக்கு எரிந்ததே மாலையில் சில மணி நேரம், தோட்டத்து ஜெனரேட்டரின் கருணையால். வெந்நீருக்கு மின்சாரம் என்பது துரை பங்களாவில்கூட விசேஷம். அம்மா பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போகும் முன், நாலரை மணி இருட்டில், மூன்று கல்லின் மேல் மண்ணெண்ணெய் டின்னை ஏற்றிப் பால்மர விறகை மூட்டுவாள். ஆனால் அந்த டின்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. குளிக்கிற தண்ணீருக்கு ஒரு டின், துணி வேகவைக்க ஒரு டின், கோப்பிக்கு மூக்கு நசுங்கிய ஓர் ஈயக் குவளை. ஒன்றின் காரியத்தில் மற்றொன்று பிரவேசிக்காது. வறுமையிலும் எங்களுக்கு மூன்று பாத்திரம் இருந்தது. செழிப்பில் எங்களுக்கு ஒரு கெட்டில் இருக்கிறது. இதை நான் என் மனைவியிடம் ஆண்டுக்கு நாலைந்து தரம் சொல்வதுண்டு. "உங்கம்மா கோப்பியில புகை நாத்தம் அடிச்சதுன்னு நீங்கதானே கல்யாணமான புதுசுல சொன்னீங்க?" என்று அவளும் ஆண்டுக்கு நாலைந்து தரம் பதில் சொல்வதுண்டு.

கெட்டில் என்பது எத்தகைய நுட்பமான வஸ்து என்பதை உணர்ந்தால் இவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரசல், ஹாப்ஸ் என்னும் இரு நண்பர்கள் வெளியிட்ட கெட்டில், தண்ணீர் கொதித்ததும் தானே அணைந்துகொள்ளும் சாமர்த்தியம் பெற்றிருந்தது. நம் வீடுகளில் இருப்பவையும் அவ்வழி வந்தவையே. நீர் கொதித்து எழும் ஆவி, ஒரு சிறு துவாரத்தின் வழியே இறங்கி, அங்கே காத்திருக்கும் ஒரு தகட்டைத் தொடுகிறது. அத்தகடோ, ஒரே சூட்டில் ஒரே அளவாக விரியாத இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிச் செய்தது. ஆகவே சூடு பட்டதும் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிய, அபிப்பிராய பேதம் கொண்ட தம்பதிகளைப்போல் அது ஒரு பக்கமாகத் துள்ளி வளைய, 'டக்' என்ற ஓசையோடு மின்சாரம் நின்றுபோகிறது. இந்த 'டக்' என்பதற்குச் சமமான அடக்கமும் நாகரிகமும் பொருந்திய ஓசை இவ்வுலகில் வேறில்லை என்பது என் துணிபு. அழைப்பு மணி போல் அதட்டாது; பிரஷர் குக்கரைப்போல் தெருவைக் கூட்டாது; 'என் வேலை முடிந்தது, இனி உங்கள் பாடு' என்று சொல்லி ஒதுங்கிவிடும்.

ஆனால் மூடி சரியாக மூடியிருந்தால்தான் அந்த 'டக்'. மூடியைத் திறந்துவிட்டால் ஆவி கூரைக்குப் போய்விடும். தகட்டுக்குத் தகவல் எட்டாது. கெட்டில் பாவம், கொதித்துக்கொண்டே இருக்கும். இந்த இரகசியத்தை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவன் பேரன், மெகி மீயின் பொருட்டு. இரண்டாவது என் மனைவி, ஓமக் கஷாயம் சுண்டவேண்டும் என்பதற்காக. மூன்றாவதாக வந்தவன்தான் தங்கை மகனாகிய மருமகன். அவன் கண்டுபிடித்ததோடு நில்லாமல், துணி மாட்டும் கிளிப்பு ஒன்றினால் மூடியை நிரந்தரமாகத் திறந்து கட்டியும் வைத்தான்.

பிள்ளை மான்செஸ்டரில் பொறியாளன். அங்கே பொழுதுபோக்காக வீட்டிலேயே பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டிருக்கிறான். 1963இல் அந்நாட்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அறிவித்தது முதல், அங்குள்ள கணவன்மார்களில் ஒரு சாரார் சனிக்கிழமைகளில் சமையலறையை ஆக்கிரமித்துக்கொண்டு விட்டனராம். லீவுக்கு வந்த இடத்தில், மாமனுக்கு ஒருமுறை செய்து காட்டவேண்டும் என்ற பிரியம் அவனுக்கு உண்டாயிற்று. மால்ட் பாகு ஒரு டின், அந்தக் காய்ந்த பூ ஒரு பொட்டலம். இவற்றை ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டுமாம். மொத்தம் 20 லிட்டராம்.

"எதில் கொதிக்கவைப்பாய்?" என்றேன்.

"கெட்டில்லதான் மாமா."

எங்கள் கெட்டில் கொள்வது 1.7 லிட்டர். 20 லிட்டருக்குப் பன்னிரண்டு தடவை. தடவைக்கு ஒரு மணி. கணக்கு வாத்தியார் என்ற முறையில் வேறொன்றையும் எடுத்துக் காட்டினேன்: 2200 வாட் கெட்டில், கொதி வந்த பிறகு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கிவிடும், அப்படியானால் அரை மணியில் பாத்திரம் வறண்டுபோகுமே!

"அதனாலதான் மாமா, வெந்நீர் ஊத்திக்கிட்டே இருக்கணும்."

"அந்த வெந்நீரை எதில் காய்ச்சுவாய்?"

"இன்னொரு கெட்டில்ல."

கூலிமுக்குப் போய் மலிவான கெட்டில் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினான். 13 ஆம்பியருக்கு அளவான வயரில் 19 ஆம்பியர் பாய்ந்தால் என்னவாகும் என்பதைப் பொறியாளனுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லிக்கொடுக்கவேண்டியதாயிற்று. வயர் சூடேறி நாறியது. கூரைச் சுண்ணாம்பு வியர்த்தது. பாகு அடிப்பிடித்துக் கெட்டிலின் வயிறு கறுத்தது. அன்று எங்கள் வீட்டில் சூடேறாத பொருள் என் கோப்பி ஒன்றுதான்.

இங்கே நான் கள்ளைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஒரு வார்த்தை என்று நான் சொன்னால் வீட்டார் எழுந்து போய்விடுவது வழக்கம். வாசகர்களுக்கு அவ்வளவு அவசரம் இராது என்று நம்புகிறேன். என் தாத்தா தம் ஆயுள் முழுவதும் கள் குடித்தார். அதற்காக அவர் ஒரு நாளாவது அடுப்பு மூட்டியதுண்டா? வெப்பமானி பிடித்ததுண்டா? ஒருவன் காலையும் மாலையும் தென்னையில் ஏறுவான், விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டுவான், மெல்லத் தட்டிப் பதப்படுத்துவான், நுனியைச் சீவுவான், பானையை மாட்டிவிட்டு இறங்கிவிடுவான். மிச்சக் காரியமெல்லாம் காற்றில் திரியும் ஈஸ்ட்டுடையது. மருமகன் சின்னஞ்சிறு பொட்டலத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற அதே வகை ஜீவராசி, கெடாவின் தென்னை உச்சிகளில் சம்பளமில்லாமல் கோடிக்கணக்கில் திரிந்துகொண்டிருந்தது. காலையில் இறக்கும்போது இனிக்கும், மத்தியானம் பொங்கும், மாலையில் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும், ஆகவே சேமித்துவைக்கும் பேராசைக்கும் இடமில்லை. மின்சாரம் இல்லை, மூடி இல்லை, கிளிப்பு இல்லை, கசப்புப் பூ இல்லை, மருமகன் இல்லை. அடுப்பும் நெருப்பும் வேண்டியிருந்தது சம்சு என்னும் சாராயம் காய்ச்சியவர்களுக்கு மட்டுமே. அவர்களும் அதைக் காட்டுக்குள் போய்ச் செய்தார்கள், யாருடைய கோப்பிப் பாத்திரத்திலும் செய்யவில்லை.

இதனால் நான் கள்ளைப் புகழ்கிறேன் என்று எவரும் கொள்ளவேண்டாம். தாத்தாவின் சம்பளத்தில் பாதி எந்தக் கொட்டகையில் கரைந்தது என்பதைப் பாட்டி எனக்குச் சொல்லியிருக்கிறாள். தோட்டமே கடை வைத்து, தோட்டத்துக் கூலியைத் தோட்டத்துக் கடையிலேயே திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. 1947இல் இதே கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் போலீஸாரோடு மோதல் உண்டாகி உயிரும் போயிற்று. படிக்காத பால்மரத் தொழிலாளிகள் அடி வாங்கி மூடப் பார்த்த கடையை, படித்த பிள்ளை ஒருவன், பொழுதுபோகவில்லை என்று, என் சமையலறையில் திறக்கிறான். அதுவும் கடை வைத்திருந்தவனுக்குத் தெரிந்த அளவு தொழில்கூட இவனுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் எதன் மேல் அதிகம், கொள்கை போனதன் மேலா, கோப்பி போனதன் மேலா என்று என் மனைவி கேட்டாள். இத்தகைய கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கடைசியில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் என்னைக் காப்பாற்றிற்று. இந்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம் என்று எடுத்துரைத்தேன். ஓய்வூதியம் வாங்குகிற தலைமையாசிரியரை ஒரு பிளாஸ்டிக் தோங் (பீப்பாய்) சகிதமாகக் கைதுசெய்து கொண்டுபோகும் காட்சியையும், அதை வாத்துக் கடை வாசலில் நின்று லூனாஸ் ஜனங்கள் பார்க்கும் அழகையும் சற்று விஸ்தாரமாகவே வர்ணித்தேன். பையன் நல்லவன், ஈஸ்ட் இடுவதற்கு முன்பே அந்தக் கஷாயத்தைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டான். வாழை இன்னும் தள்ளாடாமல் நிற்கிறது. ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது கெட்டிலைப் பிரித்து, அதன் சூடேற்றும் பாகத்தை அந்தத் தோங்கின் அடியில் பொருத்தி, "வெந்நீர் போட வசதியா இருக்கும் மாமா, அங்கே எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்று எனக்குப் பரிசளித்துவிட்டு விமானம் ஏறினான். மண்ணெண்ணெய் டின் மறுஜன்மம் எடுத்து வந்து என் குளியலறையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் போகவே எனக்குப் பயமாயிருக்கிறது.

இனி, நியமங்களுக்கு வருவோம். முதலாவது நியமம், கெட்டிலில் தண்ணீரைத் தவிர வேறெதையும் இடலாகாது என்பது. இதை எழுதியவுடன் இடது கடைவாயில் அந்தச் சங்கடம் மறுபடியும் உறுத்துகிறது. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஓர் இரவு, பல் செட்டைச் சுத்தம் செய்யும் மாத்திரை தீர்ந்துபோயிற்று. வீடு உறங்கிவிட்டது. கொதிநீரைவிடச் சிறந்த சுத்திகரிப்பு வேறு ஏது என்ற சாஸ்திரீயமான எண்ணம் எனக்கு உதித்தது. முட்டை வெந்த இடம், மெகி வெந்த இடம். மூத்தவன் பல்லுக்கு மட்டும் அங்கே இடமில்லையா? மூடியை ஒழுங்காக மூடினேன். நான்கு நிமிஷத்தில் 'டக்' என்றது, வழக்கமான அதே மரியாதையோடு. எடுத்துப் பார்த்தால் பல் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஆனால் பல் செட் அக்ரிலிக்கால் ஆனது என்பதும், கொதிநீரில் அக்ரிலிக் இளகிக் கோணும் என்பதும் அதை வாயில் வைத்த பிறகே விளங்கின. அன்று முதல் எனக்கு இடது பக்கத்தில் கோப்பி நிற்பதில்லை. 'ச' வரவேண்டிய இடத்தில் காற்று வருகிறது. மறுநாள் காலை அதே கெட்டிலில் காய்ச்சிய தண்ணீரில்தான் வீட்டில் எல்லாரும் கோப்பி குடித்தார்கள். ஒருவர் முகமும் கோணவில்லை. அவரவர் கோப்பியில் அவரவர் பாவத்தின் வாசனையே தூக்கலாக இருந்திருக்கும்போலும்.

பல் வைத்தியர் செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதை எதில் போட்டீர்கள் ஐயா?" என்று கேட்டார். மனைவி வெளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"தண்ணீரில், தண்ணீர் மட்டும்" என்றேன். பொய் சொல்லவில்லை.

புதிய செட் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை எனக்குக் கஞ்சிதான். இரண்டாவது நியமத்தையும், எல்லாவற்றிலும் முக்கியமான மூன்றாவது நியமத்தையும் இனி விவரிக்கவேண்டும். ஆனால் மணி பதினொன்று ஆகிவிட்டது. இந்நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தால் வீட்டில் எழுந்து கேள்வி கேட்பார்கள். மத்தியானத்துக் கஞ்சியோ ஆறிப்போய்க் கிடக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். 'டக்' என்று கேட்டதுபோல் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.